அனுபவமே இல்லாத பிள்ளையின் முதல் ரெஸ்யூமே: மென்திறன்களை எங்கே, எப்படிக் காட்டுவது?

கேள்வி இதுதான். 16 வயது மகள் விடுமுறையில் ஒரு புத்தகக் கடையில் பகுதிநேர வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறாள். வேலை அனுபவம் எதுவும் இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து, “கடின உழைப்பாளி, சிறந்த தகவல் தொடர்புத் திறன், குழுவாக இயங்கும் மனப்பான்மை, தலைமைப் பண்பு” என்று நான்கு வரிகளைப் போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலி. “எனக்கு எழுத என்ன இருக்கு?” என்கிறாள். அவளுடைய மென்திறன்கள், அதாவது சாஃப்ட் ஸ்கில்ஸ், தெரியும்படி எழுத எப்படி உதவுவது, எவ்வளவு தூரம் உதவலாம் என்று அவளுடைய அம்மா கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த நான்கு வரிகளையும் அழித்துவிடச் சொல்லுங்கள். அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்கு விண்ணப்பிக்கும் மற்றப் பிள்ளைகளும் ஏறக்குறைய அதே வரிகளைத்தான் எழுதியிருப்பார்கள். முதல் வேலை தேடுபவர்களின் விண்ணப்பங்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். “நான் கொஞ்சம் சோம்பேறி, யாரோடும் ஒத்துப்போக மாட்டேன்” என்று எழுதியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. எல்லோரும் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்ளும் பட்டத்தை யார் நின்று படிப்பார்கள்?

படிக்க நேரமும் குறைவு. வேலைவாய்ப்புத் தளமான லேடர்ஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் எடுப்பவர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார்கள். ஒரு ரெஸ்யூமேயை முதல்முறை நோட்டம் விட அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 7.4 விநாடி. பெரியவர்களின் ரெஸ்யூமே என்றால் அந்தக் கொஞ்ச நேரத்தில் கண் போய் நிற்க பதவிப் பெயரும் நிறுவனப் பெயரும் இருக்கும். உங்கள் மகளுடையதில் அவை இருக்காது. அப்படியானால் கண் நிற்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்: ஒரு குறிப்பிட்ட செயல், ஓர் எண்ணிக்கை, ஒரு பொருளின் பெயர். “தலைமைப் பண்பு” அங்கே எடுபடாது. “30 மேடைப் பொருட்களின் பட்டியல்” எடுபடும்.

இன்னொன்றையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். 16 வயதுப் பிள்ளையை வேலைக்கு எடுப்பவர் அனுபவத்தை எதிர்பார்ப்பதே இல்லை. பில் போடுவதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். புத்தகங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். அவருக்குள் ஓடும் கேள்விகள் வேறு. சொன்ன நேரத்துக்கு வருவாளா? வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்வாளா? ஒருமுறை சொன்னதைக் கேட்டுக்கொள்வாளா, புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பாளா? கோபமாக வரும் வாடிக்கையாளர் முன்னால் உறைந்துபோய்விடுவாளா? கூட்டம் இல்லாத நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு இருப்பாளா, தானாக ஒரு வேலையைத் தேடிச் செய்வாளா? இவைதான் மென்திறன்கள். புத்தகத்தில் இவற்றுக்கு நம்பகத்தன்மை, தகவல் தொடர்பு, தன்முனைப்பு என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. கடைக்காரர் அந்தப் பெயர்களில் யோசிப்பதில்லை.

இது வெறும் கடைக்காரர் மனசு மட்டுமில்லை. அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் எழுதக்கூடிய ஜி.இ.டி. என்ற தேர்வு ஒன்று உண்டு; தேறினால் பள்ளிப் படிப்பை முடித்ததற்குச் சமமான சான்றிதழ் கிடைக்கும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் யோனா ரூபின்ஸ்டைனும் 2001இல் இப்படித் தேறியவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் இவர்கள், பள்ளியை முழுதாக முடித்துக் கல்லூரிக்குப் போகாதவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தார்கள். சம்பாத்தியத்தில் மட்டும் பின்தங்கினார்கள். எடுத்த காரியத்தில் தொடர்ந்து நிற்பது, ஒழுங்கு, நம்பகத்தன்மை போன்று எந்தத் தேர்வும் அளக்காத குணங்களில்தான் வித்தியாசம் என்பது அவர்கள் வாதம். உங்கள் மகளின் ரெஸ்யூமேயில் மதிப்பெண்களுக்கு அடுத்தபடியாக எதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சரி, அந்தக் குணங்களை எங்கிருந்து எடுப்பது? நீங்கள் உதவ வேண்டிய இடம் இதுதான். ரெஸ்யூமே எழுதும் வேலையில் முக்கால்வாசி, கணினியைத் திறப்பதற்கு முன்பே நடக்கும் பேச்சில் முடிந்துவிடும்.

“உனக்கு என்னென்ன திறமை இருக்கு?” என்று மட்டும் கேட்காதீர்கள். பெரியவர்களையே இந்தக் கேள்வி வாயடைக்க வைக்கும். பதின்வயதுப் பிள்ளை தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். நடந்ததைக் கேளுங்கள். போன வருடம் விடாமல் மூன்று மாதத்துக்கு மேல் செய்த காரியம் எது? வகுப்பில் யாருக்காவது பாடம் புரியவில்லை என்றால் உன்னிடம் வருவார்களா, எந்தப் பாடத்துக்கு? ஆசிரியர் “இதை நீ பார்த்துக்கோ” என்று உன்னிடம் கொடுத்தது என்ன? பிடிக்காமலே செய்து முடித்த வேலை ஏதாவது உண்டா? ஏதாவது கெட்டுப்போய், குழம்பிப்போய், நீ சரிசெய்தாயா? யாரோடாவது சண்டை வந்து, பேசி முடித்தாயா? இப்படிக் கேட்டால் பெரும்பாலும் “ஒண்ணுமில்ல” என்ற சொல்லில்தான் பதில் தொடங்கும். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். ஒரு மாதிரி உரையாடல் சொல்கிறேன்.

“ஸ்கூல் நாடகத்துல நீ என்ன பண்ணினே?”

“ஒண்ணுமில்லம்மா. பின்னாடி நின்னு சாமான் எடுத்துக் கொடுத்தேன்.”

“எத்தனை சாமான்?”

“முப்பது இருக்கும். லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன்.”

“லிஸ்ட் போடணும்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. முதல் ஒத்திகையில ஒரு விளக்கு காணாமப் போச்சு. எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டாங்க. அப்புறம்தான் நான் லிஸ்ட் போட்டேன். அதுக்கப்புறம் எதுவும் காணாமப் போகல.”

இந்த மூன்று கேள்விகளில் என்னென்ன வந்துவிட்டது பாருங்கள். பிரச்சினையைக் கவனித்திருக்கிறாள், யாரும் சொல்லாமலே ஒரு வழி கண்டிருக்கிறாள், அதைக் கடைசிவரை கடைப்பிடித்திருக்கிறாள். மற்றவர்கள் திட்டிக்கொண்டிருந்தபோது அதில் கலந்துகொள்ளாமல் இருந்திருக்கிறாள். “எத்தனை”, “யார் சொன்னா”, “அப்புறம் என்ன ஆச்சு” என்ற மூன்று கேள்விகளும் கிட்டத்தட்ட எந்த “ஒண்ணுமில்ல”யையும் திறந்துவிடும்.

ஒரே உட்காரலில் முடிக்கப் பார்க்க வேண்டாம். நேருக்கு நேர் உட்கார்ந்து நோட்டும் பேனாவுமாகக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நடந்துகொண்டோ, ஏதாவது வேலை செய்துகொண்டோ பேசும்போது இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு பிறகு குறித்துக்கொள்ளுங்கள். நினைவைத் தூண்ட ஒரு பட்டியல் வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று 10 திறன்களைத் தொகுத்தது: முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், படைப்புச் சிந்தனை, ஆராய்ந்து சிந்தித்தல், தெளிவாகப் பேசிப் புரியவைத்தல், உறவுகளைப் பேணுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல். ஒவ்வொன்றுக்கும் “இது எப்போதாவது நடந்திருக்கிறதா?” என்று யோசித்துப் பார்க்கலாம். அந்தப் பெயர்களை ரெஸ்யூமேக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

அவளுடைய தம்பி தங்கைகளையும் தோழிகளையும்கூடக் கேட்கச் சொல்லுங்கள்: “என்கிட்ட எதுக்கு வருவீங்க?” இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெற்றோருக்கே புதிதாக இருக்கும்.

அடுத்தது, பேச்சில் கிடைத்ததை வரியாக மாற்றுவது. சூத்திரம் எளிது: என்ன செய்தாள், எவ்வளவு அல்லது எவ்வளவு காலம், அதனால் என்ன ஆனது. குணத்தின் பெயரை எழுத வேண்டாம். அதைப் படிப்பவரே சொல்லிக்கொள்வார். நாடகம் இப்படி வரும்:

“பள்ளி நாடகம், மேடைப் பொருட்கள் பொறுப்பு. சுமார் 30 பொருட்களுக்குப் பட்டியல் தயாரித்து ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் பின்னும் சரிபார்த்தேன். பட்டியல் போட்ட பிறகு எந்தப் பொருளும் தொலையவில்லை.”

புத்தகக் கடை முதலாளி இதைப் படித்ததும் தன் கடையின் இருப்புக் கணக்கை நினைப்பார். “ஒழுங்கு, பொறுப்புணர்வு” என்று எழுதியிருந்தால் எதையும் நினைத்திருக்க மாட்டார்.

இன்னும் சில வகைகளைப் பார்க்கலாம், ஏனென்றால் பிள்ளைகள் எது கணக்கில் வரும், எது வராது என்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

விளையாட்டு அணி. கேப்டனாக இருந்தால் எழுதலாம் என்று நினைத்து, மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்த பிள்ளை அதை விட்டுவிடும். எனக்கு அந்த மாற்று ஆட்டக்காரரின் வரிதான் சுவாரஸ்யம். “4 ஆண்டுகளாகப் பள்ளிக் கூடைப்பந்து அணியில், வாரம் 3 பயிற்சி, புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு அடிப்படைப் பயிற்சிகளைச் சொல்லித் தருகிறேன்.” ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்காமலும் நான்கு வருடம் வந்தவள், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மாலையிலும் வேலைக்கு வருவாள் என்று நம்பலாம்.

பாடம் சொல்லிக் கொடுப்பது. “8 வயதுச் சிறுவனுக்கு ஓராண்டாக வாரம் 2 மாலை கணக்குச் சொல்லித் தருகிறேன். வாய்ப்பாட்டை விளையாட்டாக மாற்றிப் பழக்கினேன்.” பொறுமை என்ற சொல் எங்கும் இல்லை, 8 வயதுச் சிறுவனோடு ஒரு வருடம் உட்கார்ந்தவளுக்கு அந்தச் சொல் தேவையும் இல்லை.

வீட்டுப் பொறுப்புகள். பெற்றோர் வேலைக்குப் போனபின் தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது, முதியவர் ஒருவருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுப்பது எல்லாம் தாராளமாக எழுதலாம். “இரண்டு ஆண்டுகளாகத் தினமும் தம்பியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து, மாலை 6 மணி வரை கவனித்துக்கொள்கிறேன்” என்பது முழுமையான பொறுப்பு. ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் உள்ளவர்களின் நோயின் பெயர், குடும்பச் சூழ்நிலை எல்லாம் வேண்டாம். அவை அவர்களுடைய விஷயம், அனுதாபம் தேடுவது போலவும் தெரியும்.

இணையம். பெற்றோர்கள் முகம் சுளிக்கும் இடம் இது. ஆனால் சில நூறு பேர் இருக்கும் ஒரு விளையாட்டுக் குழுவில் விதிமீறல்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கும் பையன், நள்ளிரவில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அந்நியர்களை எழுத்தாலேயே சமாதானப்படுத்திக்கொண்டு இருக்கிறான். வாடிக்கையாளர் சேவை என்பதும் கிட்டத்தட்ட அதுதான். விளையாட்டின் பெயரைவிட அவன் செய்த வேலையை முன்னால் வைத்து எழுதினால் நன்றாக வரும். அதேபோல் பள்ளிக் குழுவுக்காக வீடியோ வெட்டி ஒட்டுவது, சுவரொட்டி வடிவமைப்பது: சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுத்தாள் என்பதைச் சேருங்கள். கருவியின் பெயர் தொழில்நுட்பத் திறன். கெடுவுக்குள் முடித்ததுதான் மென்திறன்.

கூட்டாகச் செய்யும் பள்ளி புராஜெக்ட் எல்லோரிடமும் இருக்கும், அதனால் வெறுமனே எழுதினால் கவனம் பெறாது. அதில் ஏதாவது தவறிப்போய் இவள் என்ன செய்தாள் என்பது இருந்தால் மட்டும் எழுதுங்கள். மற்றவர்கள் வேலை செய்யவில்லை, நானே எல்லாம் செய்தேன் என்ற தொனி வந்துவிடக் கூடாது. அது குழுவில் இயங்கத் தெரியாது என்ற வாக்குமூலமாகப் படிக்கப்படும்.

எண்களில் நேர்மை முக்கியம். சரியாகத் தெரியாவிட்டால் “சுமார்” போடலாம். 12ஐ 50 ஆக்குவது வேண்டாம். நேர்காணலில் “50 பேரை எப்படி ஒருங்கிணைத்தாய்?” என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் அங்கேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மற்ற உண்மையான வரிகளையும் அவர் நம்ப மாட்டார்.

இப்போது கையில் பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் போட வேண்டாம். வேலை விளம்பரத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நான்கைத் தேர்ந்தெடுங்கள். புத்தகக் கடை என்றால் வாடிக்கையாளரோடு பேச வேண்டும், இருப்பை ஒழுங்காக வைக்க வேண்டும், வார இறுதிகளில் தவறாமல் வர வேண்டும். நாடகப் பட்டியல் உள்ளே வரும், பாடம் சொல்லிக் கொடுத்தது வரும், நான்கு வருட அணியும் வரும். இதே பிள்ளை குழந்தைகள் முகாமில் உதவியாளராக விண்ணப்பித்தால் தம்பியைக் கவனித்துக்கொள்வது மேலே ஏறும். தகவல்களைக் கணினியில் ஏற்றும் வேலை என்றால் பிழையில்லாமல் சரிபார்த்ததுதான் முதல் வரி. ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடத்துக்கும் அனுப்புவதுதான் பிள்ளைகள் செய்யும் தவறான சிக்கனம். வரிகளின் வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை மென்பொருள் வழியாகப் பெறுகின்றன. விளம்பரத்தில் உள்ள சொற்களை வைத்துத் தேடவும் வரிசைப்படுத்தவும் முடியும். அதனால் விளம்பரம் “வாடிக்கையாளர் சேவை” என்று சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே ஒருமுறை, ஆதாரம் உள்ள ஒரு வரிக்குள் பயன்படுத்தலாம்: “பள்ளிப் புத்தகக் கண்காட்சியில் வாடிக்கையாளர் சேவை மேசையில் 2 நாட்கள், புத்தகம் தேடி வந்தவர்களுக்கு வழிகாட்டினேன்.” பின்னணியோடு கலந்துபோகும் நிறத்தில் சொற்களை மறைத்து வைக்கும் தந்திரங்களை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்க வேண்டாம். சின்னக் கடையில் எப்படியும் மனிதர்தான் படிப்பார்.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம். எளிமையான எழுத்துரு. மேலே பெயர், தொலைபேசி, மின்னஞ்சல். 12 வயதில் வேடிக்கைக்காகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி என்றால் புதிதாக ஒன்று தொடங்கட்டும். அடுத்து இரண்டு வரி அறிமுகம், படிப்பு, பிறகு “அனுபவமும் செயல்பாடுகளும்” என்ற தலைப்பில் இந்த வரிகள். சம்பளம் வாங்காத வேலையும் அனுபவம்தான், அந்தத் தலைப்பைப் போடத் தயங்க வேண்டாம். தெரிந்த மொழிகளை எந்த அளவு தெரியும் என்பதோடு எழுதலாம். வாரத்தில் எந்தெந்த நாட்கள், எந்த நேரம் வர முடியும் என்று ஒரு வரி சேருங்கள். பகுதிநேர வேலைக்கு அது பல திறன்களைவிட மதிப்புள்ள தகவல், அதைத் தெளிவாகச் சொல்வதே ஒரு திறன். சில மாதிரிகளில் “தகவல் தொடர்பு” என்று எழுதி ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட இடம் இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். ஐந்தாவது நட்சத்திரம் ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது.

“மென்திறன்கள்” என்று தனித் தலைப்பு வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. நான் வேண்டாம் என்பேன். விண்ணப்பப் படிவமே அப்படி ஒரு கட்டம் வைத்திருந்தால் மூன்றே மூன்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கைந்து சொல்லில் ஆதாரம் கொடுங்கள்: “நேரம் தவறாமை: இந்தக் கல்வியாண்டில் ஒருநாள்கூடத் தாமதமில்லை.” அது உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பதின்வயதுப் பிள்ளையின் ரெஸ்யூமேயில் முழு வீட்டு முகவரியோ அடையாள அட்டை எண்ணோ வங்கி விவரமோ இருக்க வேண்டிய அவசியமில்லை. ஊர் பெயர் போதும். புகைப்படமும் பிறந்த தேதியும் சில நாடுகளில் வழக்கம், சில நாடுகளில் போடவே மாட்டார்கள். நீங்கள் இருக்கும் இடத்தின் வழக்கத்தைப் பாருங்கள். நேர்காணலுக்கு முன்பே பணமோ ஆவணங்களோ கேட்கும் எந்த “வேலை”யையும் அவள் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயதில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்கும் ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

அமைதியான பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். மென்திறன் என்றாலே கலகலப்பாகப் பேசுவது, மேடையேறுவது, எல்லோரையும் வழிநடத்துவது என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. அதனால் பேசாத பிள்ளை தன்னிடம் எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது, அல்லது பெற்றோர் “தலைமைப் பண்பு” என்று எழுத வைத்துவிடுகிறார்கள். கவனமாகக் கேட்பது, குறிப்பெடுத்துக்கொள்வது, பிழையைக் கண்டுபிடிப்பது, பதற்றமில்லாமல் இருப்பது, நம்பிச் சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது எல்லாமே வேலை தருபவருக்குத் தேவையானவை. “நூலகத்தில் தன்னார்வலராக 3 மாதம், தவறான அடுக்கில் இருந்த புத்தகங்களைக் கண்டுபிடித்து இடம் மாற்றினேன்” என்று எழுதும் பிள்ளை சத்தமாகப் பேச வேண்டிய அவசியம் என்ன? “கலகலப்பானவர்” என்று ரெஸ்யூமேயில் எழுதிவிட்டு நேர்காணலில் தரையைப் பார்த்துப் பேசினால் இரண்டும் பொருந்தாது. “அமைதியானவள், சொன்னதைக் கேட்டுச் செய்பவள்” என்ற எதிர்பார்ப்போடு கூப்பிட்டவருக்கு அதே பிள்ளை சரியாகத் தெரியும்.

எவ்வளவு தூரம் உதவலாம்? கேளுங்கள், நினைவூட்டுங்கள், எழுத்துப் பிழை பாருங்கள். தட்டச்சு செய்வது அவளாக இருக்கட்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்ததைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. “பல்வேறு செயற்பாடுகளை ஒருங்கிணைத்து ஆக்கபூர்வமான பங்களிப்பை நல்கினேன்” என்று எந்த 16 வயதுப் பிள்ளையும் பேசாது. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கேட்டால் வருவதும் இதே நடைதான், இன்னும் பளபளப்பாக. வாக்கியத்தைச் சரிபார்க்க, நீளத்தைக் குறைக்க அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு அவளுடைய ஒத்திகை விளக்கு தொலைந்த கதை தெரியாது, நீங்கள் பேசி எடுத்த பொருள் உள்ளே போனால்தான் வெளியே ஏதாவது வரும்.

முடிந்த பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு “இது எப்படி நடந்தது?” என்று கேளுங்கள். ஒரு நிமிடம் தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் வரி இருக்கட்டும். முடியவில்லை என்றால், உண்மையாகவே இருந்தாலும் எடுத்துவிடலாம். நேர்காணல் பயிற்சியாளர்கள் ஸ்டார் என்று ஒரு முறை சொல்வார்கள்: சூழ்நிலை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ செய்தது என்ன, முடிவு என்ன. இந்த வரிசையில் சொல்லிப் பழகினால் ரெஸ்யூமே எழுதிய உழைப்பே நேர்காணல் தயாரிப்பாகவும் ஆகிவிடும். நான்கில் பிள்ளைகள் மறப்பது எப்போதும் கடைசியைத்தான், முடிவு.

பரிந்துரைக்க ஒருவர் பெயர் கேட்டால் உறவினர் வேண்டாம். நாடகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரோ அணியின் பயிற்சியாளரோ பொருத்தம். பெயரைப் போடும் முன் அவள் நேரில் போய் அனுமதி கேட்க வேண்டும், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கும் மேடைப் பொருள் பட்டியல் நினைவுக்கு வரும், தொலைபேசி வந்தால் அதைச் சொல்வார்.

உண்மையிலேயே வரிகள் தேறவில்லை என்றால்? அப்படியும் சிலருக்கு நேரும், பெரும்பாலும் கேள்வி போதாததால்தான். இரண்டு மூன்று முறை பேசியும் கிடைக்கவில்லை என்றால் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நூலகத்திலோ விலங்குகள் காப்பகத்திலோ வாரம் ஒருநாள் தன்னார்வ வேலைக்குச் சேரட்டும். எட்டு வாரம் தவறாமல் போனால் ஒரு நல்ல வரி கிடைத்துவிடும். கற்பனையாக ஒன்றை எழுதுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, அனுப்பும் விதத்திலேயே மென்திறன்கள் தெரிந்துவிடுகின்றன. கோப்பின் பெயர் “ரெஸ்யூமே புதுசு 3” என்று இல்லாமல் அவள் பெயரில் இருக்கட்டும். மின்னஞ்சலைக் காலியாக அனுப்பாமல் நான்கு வரி எழுதட்டும்: யார், எந்த வேலைக்கு, ஏன் இந்தக் கடை, எப்போது வர முடியும். அழைப்பு வந்தால் எடுத்துப் பெயர் சொல்லிப் பேச வேண்டும். தெரியாத எண் என்று எடுக்காமல் விடும் பழக்கத்தை இந்த ஒரு மாதத்துக்காவது நிறுத்தி வைக்கட்டும். ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லை என்றால் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், விண்ணப்பம் கிடைத்ததா என்று மரியாதையாக ஒருமுறை கேட்கலாம். அவள்தான் போக வேண்டும். நீங்கள் போக வேண்டாம், போனும் செய்ய வேண்டாம்.